சீட்டில் ‘போ’ என்று வந்தது, சரி, அம்மாவிடம் கேட்டாயா?

கேள்வி:

அம்மா, எனக்கு 29 வயது. நாகர்கோவில் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ் வேலை. அப்பா தவறி ஆறு வருஷம் ஆகிறது. வீட்டில் அம்மாவும், பி.இ. கடைசி வருஷம் படிக்கிற தம்பியும் இருக்கிறார்கள். அம்மாவுக்குச் சுகர், முட்டுவலி. ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போக வேண்டும் என்று ஒன்றரை வருஷமாக ஜெர்மன் படிக்கிறேன். நடுநிலை மொழித் தேர்வான பி1-ல் எழுத்துப் பகுதி மட்டும் போய்விட்டது. வருஷப்பிறப்பு ஆராதனையில், இந்த வருஷத்துக்கு என்று எடுத்த வாக்குத்தத்த அட்டையில் எனக்கு வந்த வசனம் எரேமியா 29:11, ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு’ என்று வருகிற வசனம். கர்த்தர் போகச் சொல்கிறார் என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் பிப்ரவரியில் ஒரு உபவாச ஜெபத்தில், என்னை முன்பின் தெரியாத ஒரு ஊழியர் தலையில் கைவைத்து, ‘இந்த வருஷம் நீ எல்லை தாண்டாதே என்று கர்த்தர் சொல்கிறார்’ என்றார். குழம்பிப்போய், ‘போ’, ‘போகாதே’ என்று இரண்டு சீட்டு எழுதி வேதாகமத்துக்குள் வைத்து, ஜெபித்துவிட்டு எடுத்தேன். ‘போ’ என்று வந்தது. பார்த்ததும் பயந்துவிட்டேன். அதனால் மறுபடி எடுத்தேன். ‘போகாதே’ என்று வந்தது. மூன்றாவது தரம் எடுக்கத் தைரியம் வரவில்லை. இதற்கிடையில் ஒரு ஏஜென்ட், மொத்தம் மூன்றரை லட்சம், இந்த மாதக் கடைசிக்குள் ஒரு லட்சம் முன்பணம் கட்டினால் பி1 முடிக்காமலே அனுப்பிவிடலாம் என்கிறார். என் நகையை அடகு வைத்தால் புரட்டிவிடலாம். தேவ சித்தம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவருடைய சித்தத்துக்கு வெளியே போய்விட்டால் என் வாழ்க்கை என்ன ஆகும்? ராத்திரி சரியாகத் தூக்கமே இல்லை.

பதில்:

மகளே, உன்னை ‘நீ’ என்றே எழுதுகிறேன். என் மூத்தவளுக்கும் உன் வயதுதான்.

முதலில் அந்த ஒரு லட்சம். நீ அதைக் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறாய், எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. நகையை அடகுக்கடைக்குக் கொண்டுபோகாதே. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற யாரும் 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி மத்திய அரசின் உரிமம் வைத்திருக்க வேண்டும். அந்த உரிமம் இருக்கிறதா, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பெயரைப் போட்டு நீயே பார்க்கலாம், போன் கையில் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை. உரிமம் உள்ளவர்கூட வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும் என்று உச்சவரம்பு இருக்கிறது. மூன்றரை லட்சம் கேட்கிறவரை என்னவென்று சொல்வது என்பதை உன் கணக்குக்கே விட்டுவிடுகிறேன். பி1 முடிக்காமல் அனுப்புவதாக அவர் சொல்வதைத்தான் நான் இன்னும் பயத்தோடு பார்க்கிறேன், ஏனென்றால் அங்கே நர்ஸாக அங்கீகாரம் கிடைக்கப் பொதுவாக அதற்கு அடுத்த நிலையான பி2 வரைக்கும் மொழி வேண்டும், மொழி தெரியாமல் போய் இறங்குகிறவளை என்ன வேலையில் உட்காரவைப்பார்கள் என்று யோசித்துப் பார். தமிழ்நாடு அரசுக்கே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று ஒன்று சென்னையில் இருக்கிறது, நர்சுகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே விசாரித்தாயா?

‘நான் தேவ சித்தம் கேட்டால் இந்த அம்மா லைசென்ஸ் பற்றிப் பேசுகிறார்களே’ என்று உனக்குத் தோன்றலாம். இரண்டும் ஒன்றுதான் என்பது என் நம்பிக்கை. யோசுவா 9-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். கிபியோன் ஊர்க்காரர்கள் ரொம்பத் தூரத்திலிருந்து வருகிறவர்கள் மாதிரி வேஷம் போட்டு வருகிறார்கள். பழைய சாக்கு, பீறல் விழுந்த துருத்தி, தேய்ந்த செருப்பு, பூசணம் பிடித்த அப்பம். இஸ்ரவேலர் அந்த அப்பத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு உடன்படிக்கை போட்டுக்கொண்டார்கள், கர்த்தரிடம் கேட்கவில்லை என்று 14-ஆம் வசனம் சொல்கிறது. பிரசங்கங்களில் அதோடு நிறுத்திவிடுவார்கள். 16-ஆம் வசனத்தையும் படி: மூன்றே நாளில் உண்மை தெரிந்துவிட்டது, அவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். மூன்று நாள் பொறுத்து, ஒரு ஆளை அனுப்பி விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். கேட்பதற்கு நேரம் எடுக்காதவர்கள் விசாரிப்பதற்கும் நேரம் எடுக்கவில்லை. உன் ஏஜென்ட் ‘மாதக் கடைசிக்குள்’ என்று சொல்லும்போது உன்னிடமிருந்து பறிப்பது அந்த மூன்று நாளைத்தான்.

சரி, இப்போது சீட்டுக்கு வருவோம்.

நீ சீட்டு எடுத்ததற்காக நான் கோபப்பட மாட்டேன். நம் ஊரில் இந்தத் தவிப்பு எல்லா மதத்துக்காரருக்கும் இருக்கிறது. கொங்கு நாட்டுப் பக்கம் சாமியிடம் பூவாக்கு கேட்பார்கள், சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்கிற வீடுகள் எத்தனையோ. ‘நான் மட்டும் தனியாக இதை முடிவுசெய்ய வேண்டாமே, எனக்கு மேலே இருக்கிறவர் ஒரு வார்த்தை சொல்லட்டுமே’ என்கிற ஏக்கம் அது. அந்த ஏக்கத்தில் தப்பு இல்லை. வேதத்திலும் சீட்டு வருகிறது, யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத்தான் எடுத்தார்கள், அப்போஸ்தலர் 1:26. ஆனால் அதற்கு அடுத்த அதிகாரத்தில் பெந்தெகொஸ்தே நாளில் பரிசுத்த ஆவியானவர் இறங்குகிறார், அதற்கு அப்புறம் அந்தப் புத்தகத்தில் எவ்வளவோ பெரிய முடிவெல்லாம் எடுக்கிறார்கள், ஒருவரும் சீட்டு எடுக்கவில்லை. 15-ஆம் அதிகாரத்தில் எருசலேமில் கூடி உட்கார்ந்து மிகுந்த தர்க்கம் பண்ணுகிறார்கள், ஆளாளுக்குப் பேசுகிறார்கள், பேதுரு எழுந்து பேச, பவுலும் பர்னபாவும் பேச, யாக்கோபு முடித்துவைக்க, கடைசியில் கடிதம் எழுதும்போது ‘பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது’ என்கிறார்கள். அந்த ‘எங்களுக்கும்’ என்கிற சொல்லை நான் எத்தனையோ தரம் வாசித்தும் கவனிக்காமல் கடந்துபோயிருக்கிறேன். ஆவியானவர் அவர்களுடைய வாக்குவாதத்தை ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டுப் பேசவில்லை, அதன் வழியாகவே பேசியிருக்கிறார்.

வாக்குத்தத்த அட்டை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீ போக நினைக்கிற அதே ஜெர்மனியில், சாக்சனி மாநிலத்தில் ஹெர்ன்ஹூட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே மொரேவிய சபையார் 1731 முதல் ஒவ்வொரு வருஷமும், வருகிற ஒரு வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுத்துப் புத்தகமாக அச்சிடுகிறார்கள். இன்றைக்கு வரைக்கும் நடக்கிறது. அந்த நாள் முழுக்க மனதில் வைத்துத் தியானிக்க ஒரு வார்த்தை, அவ்வளவுதான் அதன் நோக்கம். அதே ஜனங்கள் ஒரு காலத்தில் யாருக்கு யாரைக் கல்யாணம் செய்து வைப்பது என்பதற்குக்கூடச் சீட்டுப் போட்டார்கள், 19-ஆம் நூற்றாண்டில் அந்த வழக்கத்தை அவர்களே கைவிட்டார்கள். தியானத்துக்கு எடுத்த வசனம் நிலைத்தது, கல்யாணத்துக்குப் போட்ட சீட்டு நிற்கவில்லை.

உனக்கு வந்த எரேமியா 29:11 அருமையான வசனம். ஆனால் அட்டையில் அந்த ஒரு வசனம்தான் அச்சாகியிருக்கும், அது ஒரு நீண்ட கடிதத்தின் நடுவில் இருக்கிற வரி. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதுகிறார். முந்தின வசனத்தில் எழுபது வருஷம் ஆகும் என்கிறார். அதற்கும் முன்னால், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற அந்த அந்நியப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்கிறார். நீ ஜெர்மனிக்குப் போனால் இந்த அதிகாரம் முழுசும் உனக்கு வேண்டியிருக்கும், குறிப்பாக முதல் குளிர்காலத்தில். போகாமல் இங்கேயே இருந்தாலும் வேண்டியிருக்கும். ‘போ’ என்றோ ‘இரு’ என்றோ அந்த வசனம் சொல்லவில்லை. எங்கே இருந்தாலும் நான் உன்னை மறக்கவில்லை என்று சொல்கிறது. உனக்கு இப்போது அதுதான் அதிகம் தேவை என்று நினைக்கிறேன்.

அந்த ஊழியர் சொன்னது உன்னை ரொம்ப ஆட்டியிருக்கிறது. ‘என்னை முன்பின் தெரியாதவர்’ என்று எழுதியிருக்கிறாய், உன்னைத் தெரியாதவர் சொன்னதால் அது மேலிருந்து வந்ததாகத்தான் இருக்கும் என்கிற கணக்கு அதில் இருக்கிறது. நான் அவரைக் குறைசொல்ல வரவில்லை, அவர் உண்மையாகவே ஜெபிக்கிறவராக இருக்கலாம். ஆனாலும் 2 சாமுவேல் 7-ஐ வாசி. தாவீது ஆலயம் கட்ட ஆசைப்படுகிறான். நாத்தான் பொய்த் தீர்க்கதரிசி இல்லை, கர்த்தருடைய மெய்யான தீர்க்கதரிசி. அவரே ‘உம்முடைய இருதயத்தில் உள்ளபடியெல்லாம் செய்யும், கர்த்தர் உம்மோடு இருக்கிறாரே’ என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரியே கர்த்தர் அவரைத் திருத்தினார், மறுபடி போய் வேறு மாதிரி சொல்ல வேண்டியதாயிற்று. நாத்தானே அவசரப்பட்டுத் தன் எண்ணத்தைக் கர்த்தருடைய பெயரில் சொல்லியிருக்கிறார் என்றால், ஒரு கூட்டத்தில் நூறு பேர் தலையில் கைவைத்து ஜெபிக்கிற ஒருவர் சொன்ன ஒற்றை வரியை நீ சோதித்துப் பார்ப்பதில் அவிசுவாசம் எதுவும் இல்லை. சோதித்துப் பார்க்கச் சொல்லி வேதமே சொல்கிறது. உன்னைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களே, உன்னை ஞாயிறு பள்ளியில் பார்த்த டீச்சர், சபைப் போதகர், வார்டில் உன்னோடு நைட் டியூட்டி பார்த்த சீனியர் சிஸ்டர், அவர்களிடம் கேட்டாயா?

இந்த வேலையில் இருபத்தைந்து வருஷமாக ஜனங்களோடு உட்கார்ந்து பேசுகிறவள் என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன், கவனமாகக் கேள். அடையாளம் கேட்டு, கிடைத்து, அது போதாமல் இன்னொன்று கேட்டு, இரண்டும் ஒத்துப்போகாமல் மூன்றாவது கேட்கிற இந்தச் சுழற்சியை நான் நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன். கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று எழுந்து எழுந்து பார்க்கிறவர்கள் மாதிரிதான். ஒவ்வொரு தரம் பார்க்கும்போதும் ஒரு நிமிஷம் நிம்மதி, அடுத்த நிமிஷம் சந்தேகம் முன்னைவிடப் பெரிதாக வரும். பார்க்கப் பார்க்கப் பயம் வளருமே தவிரக் குறையாது. ஆகவே மூன்றாவது சீட்டு வேண்டாம். முதல் இரண்டு சீட்டையும் எடுத்துக் கிழித்துப் போட்டுவிடு. சீட்டே எடுக்காமல் ஒரு மாதம் இருந்தும் தூக்கம் திரும்பாவிட்டால், ‘பாவம் செய்துவிட்டேனோ’ என்கிற எண்ணம் விடாமல் சுற்றினால், உன் மருத்துவமனையிலேயே மனநல மருத்துவர் இருப்பார், போய்ப் பார். நர்ஸாக இருக்கிற உனக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

‘போ’ என்று வந்ததும் பயந்துவிட்டேன் என்கிறாய். பயம் வந்தால் அது தேவ சித்தம் இல்லை, மனதில் சமாதானம் வந்தால் அதுதான் சித்தம் என்று நம் கூட்டங்களில் அடிக்கடி சொல்வார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. கர்த்தர் போகச் சொன்ன திசைக்கு நேர் எதிரே ஓடுகிற யோனா, கப்பலின் கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்குகிறான், புயலில்கூட எழுந்திருக்கவில்லை. அவ்வளவு சமாதானம். பிதாவின் சித்தத்தின் நட்டநடுவில் நிற்கிற இயேசுவுக்குக் கெத்செமனேயில் வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுகிறது. பயம் என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொள், அது மட்டும் முடிவு சொல்ல விடாதே. உன் பயத்துக்குப் பெயர் என்ன? மொழியா, குளிரா, அம்மாவா, தனியாக இருப்பதா? பெயர் வைத்தால் பாதியை ஆள் வைத்துச் சரிசெய்துவிடலாம். எழுத்துத் தேர்வு போனதைத்தான் எடுத்துக்கொள், அதை ஒரு கதவு மூடினதாக நீ நினைத்துவிட்டாய் என்று தோன்றுகிறது. கோத்தே நிறுவனத்தின் பி1 தேர்வு என்றால் நான்கு பகுதி தனித்தனி, போன பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம். அது கதவு இல்லை மகளே, இன்னும் இரண்டு மாசம் கட்டுரை எழுதிப் பழக வேண்டும் என்கிற தகவல்.

கோட்டாறு சவேரியார் கோவிலை நீ எத்தனை தரம் கடந்துபோயிருப்பாய். அந்தச் சவேரியார் இந்தியாவுக்கு வந்த கதை தெரியுமா? 1540-ல் இங்கே அனுப்ப, இயேசு சபையைத் தொடங்கின இஞ்ஞாசியார் முதலில் தேர்ந்தெடுத்தது அவரை இல்லை. போபடில்லா என்கிற இன்னொருவரைத்தான். அவர் புறப்பட வேண்டிய நேரத்தில் காய்ச்சலில் விழுந்துவிட்டார், இஞ்ஞாசியார் பக்கத்தில் இருந்த சவேரியாரைப் பார்த்து இது இனி உன் வேலை என்று சொல்ல, அவர் மறுபேச்சில்லாமல் கிளம்பிவிட்டார். கனவும் இல்லை, சீட்டும் இல்லை. ஒருவருடைய காய்ச்சலும், கூட இருந்தவர் சொன்ன ஒரு வார்த்தையும், ஆயத்தமாக இருந்த ஒரு மனசும். அதே இஞ்ஞாசியார்தான், ஒரு முடிவைத் தெளிந்து எடுத்துவிட்டு அப்புறம் மனம் சோர்ந்து இருண்டு கிடக்கிற நாளில் அதை மாற்றாதே என்றும் சொல்லிவைத்தார். நாம் சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டண்ட் சபைக்காரர்கள், கத்தோலிக்கப் பெரியவர்கள் சொன்ன இதையெல்லாம் அதிகம் படிப்பதில்லை, ஆனால் நல்ல புத்தி எந்த வீட்டிலிருந்து வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம். தேர்வு ரிசல்ட் வந்த வாரத்திலா நீ சீட்டு எழுதினாய்?

உன் துறையிலேயே ஒருவர் கதையும் சொல்கிறேன். வேலூர் மருத்துவமனையை உண்டாக்கின ஐடா ஸ்கட்டர், இருபது வயதுப் பெண்ணாகத் திண்டிவனத்துக்கு வந்தது 1890-ல், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதற்காக. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு அமெரிக்காவுக்கே திரும்பிவிட வேண்டும் என்றுதான் வந்தார், மிஷனரி வேலையே தனக்கு வேண்டாம் என்று இருந்தவர். ஒரு ராத்திரி அடுத்தடுத்து மூன்று பேர் கதவைத் தட்டினார்கள், ஒரு பிராமணர், ஒரு இஸ்லாமியர், இன்னொரு இந்து. மூன்று பேர் மனைவிக்கும் பிரசவம் சிக்கலாகிவிட்டது. என் அப்பா டாக்டர், அவரை அனுப்புகிறேன் என்றார் ஐடா. ஆண் வைத்தியர் வேண்டாம், நீங்கள் வாருங்கள் என்றார்கள். அவருக்கு வைத்தியம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள். அந்த ராத்திரியில்தான் அவருக்கு வழி தெரிந்தது. என்ன தெரிந்தது என்று பார்: தன் கண்முன் இருந்தும் அதுவரை தான் பார்க்காத ஆட்களைப் பார்த்தார். அப்புறம் 1899-ல் படிப்பை முடித்து, 1900-ல் திரும்பி வந்தார். வழி தெரிந்த ராத்திரிக்கும் வேலை தொடங்கின நாளுக்கும் நடுவில் அத்தனை வருஷப் படிப்பு இருந்தது.

இந்த ‘பார்க்காத ஆட்கள்’ விஷயத்தைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் அப்பா.

அப்பா சபையில் உபதேசியார், போதகருக்குத் துணையாக ஊழியம் செய்கிறவர். எங்களுக்கு இருந்தது வீடும், வீட்டுக்குக் கிழக்கே பன்னிரண்டு சென்ட் தென்னந்தோப்பும், எங்கள் பக்கத்தில் அதை விளை என்போம். என்னைக் கல்லூரியில் சேர்க்க அந்த விளையை விற்க வேண்டிய நிலை. வாங்க ஆள் வந்துவிட்டது, விலையும் பேசியாகிவிட்டது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு அப்பா மேசையில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் வேதாகமம், ஒரு பக்கம் கணக்கு நோட்டு, நடுவில் மண்ணெண்ணெய் விளக்கு. கல்லூரிக் கட்டணம், விடுதி, தேங்காயில் வருஷத்துக்கு வருகிற வரும்படி எல்லாவற்றையும் பென்சிலால் எழுதினார். அப்புறம் நோட்டின் மேலேயே கையை வைத்து ஜெபித்தார். ‘விற்கட்டுமா வேண்டாமா’ என்று கேட்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் கேட்டது, ‘ஆண்டவரே, இதில் என் கண்ணுக்குத் தப்பினது ஏதாவது இருக்குமானால் காட்டும்’ என்று. அவ்வளவுதான். மறுநாள் காலையில் விளைக்குப் போனவர், அத்தை குடத்தோடு வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றாராம். புருஷன் இல்லாத அத்தை, எங்கள் விளைக் கிணற்றில்தான் தினமும் தண்ணீர் எடுப்பார், அது எங்கள் யாருக்கும் நினைவே வரவில்லை. ஏனென்றால் அத்தை அந்த வழியாகப் போவதை நாங்கள் காற்று மாதிரி எடுத்துக்கொண்டிருந்தோம். அப்பா வாங்குகிறவரிடம் பேசி, கிணற்றுக்கு நடைவழியும் தண்ணீர் எடுக்கிற உரிமையும் பத்திரத்தில் எழுதவைத்து, அதற்காக விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார். எழுதுவதற்கு முந்தின நாள் அம்மாவிடம், ‘நீ என்ன நினைக்கே?’ என்று கேட்டதும் எனக்கு நினைவிருக்கிறது, அம்மா உடனே பதில் சொல்லாமல் அரிசி புடைத்துக்கொண்டே இருந்ததும்.

மகளே, உன் கடிதத்தை நான் மூன்று தரம் வாசித்தேன். அட்டை என்ன சொன்னது என்று இருக்கிறது. ஊழியர் என்ன சொன்னார், சீட்டு என்ன சொன்னது, ஏஜென்ட் என்ன சொன்னார், எல்லாம் இருக்கிறது. அம்மா என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. அம்மாவுக்குச் சுகர், முட்டுவலி என்று இருக்கிறது, ஆஸ்பத்திரிச் சார்ட்டில் எழுதுகிற மாதிரி. ஆனால் அவர் பேசவே இல்லை. நீ ஜெர்மன் வகுப்புக்குப் போவது அவருக்குத் தெரிந்திருக்கும். ராத்திரி நீ தூங்காமல் புரண்டு படுப்பதும் தெரிந்திருக்கும், அம்மாக்களுக்குத் தெரியாதா? அவர் ஒருவேளை உன்னை அனுப்பப் பயப்படுகிறாரோ, இல்லை தனக்காக நீ இங்கே தேங்கிக் கிடக்கிறாயே என்று தனியாக ஜெபித்துக்கொண்டிருக்கிறாரோ, நமக்கு எப்படித் தெரியும்? நீ அம்மாவைக் காப்பாற்றுவதாக நினைத்து அவரைக் கேட்காமலே அவருக்காகவும் சேர்த்து முடிவெடுக்கப் பார்க்கிறாய். அது பாரம் தாங்காமல் கர்த்தர் கையில் சீட்டாகப் போய் விழுகிறது.

தம்பி விஷயமும் இருக்கிறது. அம்மாவை யார் பார்ப்பது என்கிற கேள்வி வந்ததும் நீ உன்னை மட்டும்தான் எண்ணியிருக்கிறாய். அவன் இருபத்தியொன்று, இருபத்திரண்டு வயது ஆண்பிள்ளை, அதே வீட்டில் இருக்கிறான். அம்மா காலையில் போடுகிற மாத்திரையின் பெயர் அவனுக்குத் தெரியுமா? குளுக்கோமீட்டரில் பார்க்கத் தெரியுமா? தெரியாவிட்டால் இந்த வாரமே சொல்லிக்கொடு, நீ போனாலும் சரி போகாவிட்டாலும் சரி. தாயைப் பார்ப்பது மகளுடைய தலையெழுத்து, மகனுடைய விருப்பம் என்று எந்த வேதத்திலும் எழுதியிருக்கவில்லை. சிலுவையில் தொங்கும்போது இயேசு தம் தாயை ஒப்புவித்தது ஒரு ஆண் சீஷனிடம்.

‘சித்தத்துக்கு வெளியே போய்விட்டால்’ என்று கேட்டிருந்தாய். கர்த்தருடைய சித்தம் என்பது கயிற்றின் மேல் நடக்கிற மாதிரி ஒன்று, ஒரு அடி தவறினால் வாழ்க்கை முழுக்கப் போய்விடும் என்று உனக்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். பவுலைப் பார். ஆசியா என்கிற ரோம மாகாணத்துக்குப் போகப் பார்த்தார், தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், அங்கேயும் தடை. இரண்டு தரம் திட்டம் தப்பினதற்காக அவர் தலையில் அடித்துக்கொண்டு உட்காரவில்லை, துரோவாவரைக்கும் வந்து சேர்ந்தார், அங்கேதான் மக்கெதோனியா மனுஷன் தரிசனத்தில் வந்தான். சரி, தரிசனமே கிடைத்துப் போனாரே, பிலிப்பியில் என்ன நடந்தது? அடி, தொழுமரம், சிறைச்சாலை. நடுராத்திரியில் அங்கேதான் பாடினார்கள். திட்டம் தப்பினபோதும் கர்த்தர் கூட இருந்தார், திட்டம் சரியாக அமைந்து அடி விழுந்தபோதும் கூட இருந்தார். நீ ஜெர்மனிக்குப் போய் ஆறு மாதத்தில் முடியாமல் திரும்பி வந்தாலும் உன்னை நாகர்கோவில் ஸ்டேஷனில் கைவிட்டுவிடுகிற தேவன் இல்லை அவர். ‘ஆண்டவருக்குச் சித்தமானால், நாங்களும் உயிரோடிருந்தால், இன்னின்னதைச் செய்வோம்’ என்று யாக்கோபு சொல்லச் சொன்னதில், ‘செய்வோம்’ என்கிற சொல்லும் இருக்கிறது, பார்.

என் சொந்த அபிப்பிராயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மழுப்பினால் நீ அதையும் ஒரு அடையாளமாக எடுத்துக்கொள்வாய். அந்த ஏஜென்ட் வழியாகப் போகாதே, இதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. ஜெர்மனிக்குப் போவதில் தப்பு எதையும் நான் பார்க்கவில்லை, ஒன்றரை வருஷம் நைட் டியூட்டி முடிந்து வந்து மொழி படித்திருக்கிற பெண்ணின் ஆசையைக் கர்த்தர் அற்பமாக எண்ணமாட்டார். ஆனால் தம்பியின் கடைசி வருஷம் முடியட்டும், எழுத்துப் பகுதியைத் திரும்ப எழுது, பி2-வையும் இங்கேயே தொடங்கு. இடிந்துகிடந்த எருசலேம் மதிலைக் கட்டப் போன நெகேமியாவைப் போல. அவர் அழுது உபவாசித்து ஜெபித்தது கிஸ்லேவிலிருந்து நிசான்வரைக்கும் நாலு மாதம். ராஜா கேட்டபோது மனதுக்குள் ஒரு சின்ன ஜெபம், அடுத்த மூச்சில் எவ்வளவு நாள் ஆகும் என்று சொல்லிவிட்டு, வழிக்கு வேண்டிய கடிதங்களும் வாசல்களுக்கு மரமும் கேட்டுவிட்டார். நாலு மாதம் ஜெபித்தபோதே மரத்தைப் பற்றியும் யோசித்திருக்கிறார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, அம்மா மரச்சீனிக்கிழங்கு நறுக்க உட்காரும்போது நீயும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார். போனை உள்ளே வைத்துவிடு. ‘அம்மா, நான் போனால் உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டமாக இருக்கும்?’ என்று கேள். போகட்டுமா என்று கேட்காதே, அப்படிக் கேட்டால் அவர் உன் முகத்தைப் பார்த்து, நீ ஆசைப்படுகிற பதிலைத்தான் சொல்வார். கேட்டுவிட்டுச் சும்மா இரு, அவர் கிழங்கு நறுக்கி முடிக்கிறவரைக்கும் பேசாமல் இருந்தாலும் பொறுத்திரு. அன்றைக்கு ராத்திரி உன் ஜெபத்தில் அவர் சொன்னதை ஒன்றுவிடாமல் வை, முடிந்தால் அம்மாவும் நீயும் தம்பியும் சேர்ந்து முழங்காலில் நில்லுங்கள்.

அம்மா என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.